தோட்டத்திலும் பயணத்திலும் நிறம் சேகரிப்பது எப்படி? வாட்டர்கலர் வரைபவர்கள் வழி சொல்லுங்கள்

தளிர் கேட்டது:

வணக்கம். மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்கா, அங்கிருந்து இறங்கி மதுரை, கோவில்பட்டி வழியாகத் திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காடு என்று பயணம் போட்டிருக்கிறது. குடும்பத்தோடு போவதால் ஓர் இடத்தில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. படத்தை அங்கேயே உட்கார்ந்து முடிக்க முடியாது. நிறங்களை மட்டும் சேகரித்து வந்து வீட்டில் வரைய வேண்டும்.

சிக்கல்கள் இவை. போன் படத்தில் செம்பருத்தி ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது, ஜக்கராண்டா நீலமாகிவிடுகிறது. தாளில் பச்சை எல்லாம் ஒன்றுபோலவே வருகிறது. சாப் கிரீனில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நீலம் என்பதைத் தாண்டி வழி தெரியவில்லை. காகிதப்பூவின் அந்த ஒளிரும் ரோஸ் தாளில் ஏறுவதே இல்லை.

கையில் இருக்கும் டியூப்கள்: லெமன் யெல்லோ, காட்மியம் யெல்லோ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், காட்மியம் ரெட், க்ரிம்சன், அல்ட்ராமரைன், தாலோ ப்ளூ, செருலியன், சாப் கிரீன், பேய்ன்ஸ் கிரே. இவற்றில் எதைக் கொண்டு போவது, எதை விடுவது? நிறத்தை எப்படிக் குறித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்தபின் பயன்படும்?

வண்ணத்தட்டு:

நிறத்தை ஒற்றையாகச் சேகரிக்காதீர்கள். குறைந்தது மூன்றாகச் சேகரியுங்கள்: பூ, அதன் பின்னால் இருக்கும் இலை, இரண்டுக்கும் இடையே விழும் நிழல். இந்த மூன்றும் ஒட்டி இருக்கும்போதுதான் அந்த இடத்தின் நிறம் கிடைக்கும். தனியாகக் குறித்து வந்த ரோஸ் வீட்டில் வெறும் ரோஸாகத்தான் இருக்கும்.

பாரிஸில் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரோல் இதைத்தான் கண்டுபிடித்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த அடர்நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தன. 1839இல் இதை விரிவாக எழுதினார். தோட்டத்தில் நிற்கும்போது உங்கள் கண் அதே வேலையை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. சிவப்புப் பூவைச் சுற்றியுள்ள சாம்பல் இலைகூடப் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையை அப்படியே கலந்து பூசினால், தாளில் இருக்கும் சிவப்பு அதை இன்னொரு முறை பச்சையாக்கும். படம் கத்துவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இதற்குத் தீர்வு ஓர் ஓட்டை அட்டை. தபால் அட்டை அளவில் நடுத்தரச் சாம்பல் நிற அட்டை எடுத்து, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பேப்பர் பஞ்ச்சால் ஓர் ஓட்டை போடுங்கள். கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஓட்டை வழியே இலையைப் பாருங்கள். பக்கத்து நிறங்கள் மறைந்ததும் இலையின் உண்மையான நிறம் தெரியும். நீங்கள் நினைத்ததைவிட அது சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும். கலந்த வண்ணத்தை ஓட்டைக்கும் விளிம்புக்கும் இடையே அட்டையிலேயே ஒரு கோடு இழுத்து ஒப்பிடுங்கள். ஒன்று கவனம்: அட்டை நிழலிலும் இலை வெயிலிலும் இருந்தால் உங்கள் வண்ணம் எப்போதும் தோற்கும். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

குறிப்பெடுக்கத் தனி நோட்டு வேண்டாம். நீங்கள் படம் வரையும் அதே தாளை 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். மலிவான ஸ்கெட்ச் நோட்டில் எடுத்த நிறம் 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளில் வேறாகத் தெரியும், ஏனென்றால் வண்ணத்தை அவை உறிஞ்சும் விதம் வேறு. ஒரு காட்சிக்கு ஒரு பட்டை. அரை மணி நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பாருங்கள். எது மிக வெளுப்பு, எது மிக இருட்டு என்று முடிவு செய்துவிட்டு இருட்டை முதலில் கலந்து பூசுங்கள். அடுத்து மிகப் பெரிய பரப்பின் நிறம். பூவைக் கடைசியில் வையுங்கள். பூவில் தொடங்கினால் நேரம் முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே பென்சிலில் கலவையை எழுதுங்கள். துல்லியமான விகிதம் தேவையில்லை. அதிகம் உள்ளது முதலில், பிறகு “பா” என்றால் பாதி, “சி” என்றால் சிறிது, “து” என்றால் தூரிகை நுனித் துளி. “லெமன், தாலோ து, சியன்னா சி” என்றால் ஆறு மாதம் கழித்தும் அதே நிறத்தைக் கலக்கலாம். மேலே ஓரத்தில் மணி, வெயிலா நிழலா, வெளிச்சம் முன்னிருந்தா பின்னிருந்தா என்பது. இந்த மூன்றும் இல்லாத பட்டையால் பயனில்லை.

வாட்டர்கலர் காயும்போது ஒரு படி வெளுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஈரத்தில் பார்த்துத் திருப்தி அடையாமல் ஒரு படி கூடுதல் அடர்த்தியில் பூசுங்கள். கைப்பிடியில் தண்ணீர் நிரப்பும் வாட்டர்பிரஷ் கையில் இருந்தால் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அது விடும் கூடுதல் தண்ணீரில் எல்லா நிறமும் வெளுத்துப்போகும். பக்கத்தில் ஒரு பழைய காட்டன் துணி வைத்து, ஒவ்வொரு முறையும் நுனியை ஒற்றி எடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: வெயிலில் சிவப்புச் சட்டையோ மஞ்சள் துப்பட்டாவோ போட்டு உட்கார்ந்தால் அந்த நிறம் தாளில் விழும். நிறக் குடையும் அப்படித்தான். சாம்பலோ வெளிர்நிறமோ உடுத்துங்கள். கூலிங்கிளாஸைக் கழற்றிவிடுங்கள்.

பெரணி:

பச்சை பற்றி மட்டும் சொல்கிறேன், அதுவே பெரிது.

ஊட்டி பூங்காவில் மே மாதக் கூட்டம் மலர்க்கண்காட்சிப் பாத்திகளைச் சுற்றித்தான் நிற்கும். நிறம் கற்க அது நல்ல இடமில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே அடர்த்தி, தலைக்கு மேல் வெயில். நேராகப் பெரணிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்கோ, மேட்டுப் பகுதியின் பழைய மரங்களுக்கு அடியிலோ போங்கள். 1848இல் தொடங்கிய தோட்டம் அது. மெக்ஐவர் என்பவர் மேற்பார்வையில் உருவானது. அந்தக் காலத்து வெளிநாட்டு மரங்களுக்கும் நம் சோலை மரங்களுக்கும் பச்சை ஒத்தே போகாது, பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

ஓர் இலைக்கு மூன்று பச்சை உண்டு. வெயில் இலையைத் துளைத்துக்கொண்டு உங்கள் பக்கம் வந்தால் மஞ்சள் ஓங்கிய சூடான பச்சை. இலைப்பரப்பில் வானம் பட்டுத் தெறித்தால் வெளிர்நீலச் சாம்பல், சில நேரம் பச்சையே இருக்காது. இரண்டும் இல்லாத இடத்தில்தான் இலையின் சொந்த நிறம். சாப் கிரீன் இந்த மூன்றாவதற்கு மட்டும் ஓரளவு பொருந்தும். மற்ற இரண்டுக்கும் அதையே நீர்த்தும் அடர்த்தியுமாகப் போடுவதால்தான் உங்களுக்கு எல்லாம் ஒன்றாக வருகிறது. போதாததற்கு, சாப் கிரீன் என்பது பெரும்பாலும் கடையில் கலந்து வைத்த கலவை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஒளி துளைக்கும் இலை: லெமன் யெல்லோவை நன்றாகக் கரைத்து, தாலோ ப்ளூ நுனித் துளி. தாலோ மிகக் காரமான வண்ணம். மஞ்சளில் தாலோவைச் சேர்க்க வேண்டுமே தவிர தாலோவில் மஞ்சளைச் சேர்த்தால் டியூப் தீர்ந்தாலும் மஞ்சள் வராது. காட்மியம் யெல்லோ இங்கே வேண்டாம். அது ஒளி ஊடுருவாத வண்ணம், பச்சை சுண்ணாம்பு கலந்ததுபோல் ஆகிவிடும். நிக்கல் அஸோ யெல்லோ கிடைத்தால், டியூபின் பின்னால் பிஒய் 150 என்ற நிறமி எண் இருக்கும், வாழைக்குருத்துக்கும் துளைத்து வரும் வெயிலுக்கும் அதற்கு நிகர் இல்லை.

வானம் தெறிக்கும் பரப்பு: செருலியனை நிறையத் தண்ணீரில், பர்ன்ட் சியன்னா துளி. முதலில் இதை வாஷாக, அதாவது நீர்த்த ஒரே பூச்சாகப் போட்டுக் காயவிட்டு, பளபளக்கும் பகுதியை அப்படியே விட்டு, மற்ற இடத்தில் சொந்தப் பச்சையை ஏற்றுங்கள். மாவிலை, பலாயிலை, காமெலியா போன்ற தோல் தடித்த இலைகளுக்கு இந்த வரிசை மாறக் கூடாது.

சொந்தப் பச்சை: முதிர்ந்த இலைக்கு அல்ட்ராமரைன், லெமன், சியன்னா சிறிது. அல்ட்ராமரைனில் ஊதாச் சாயல் இருப்பதால் பச்சை தானாகவே அடங்கும். தென்னை ஓலைக்கு ஆக்கரும் அல்ட்ராமரைனும் போதும். பேய்ன்ஸ் கிரேயில் லெமன் கலந்தால் ஒரு பாசிப்பச்சை வரும். பைன் மரத்து இருட்டுக்கும், மழை பிடித்த பாறைப் பாசிக்கும் அதுவே.

நிழல்: பச்சையில் கறுப்பு கலக்காதீர்கள். தாலோ ப்ளூ, சியன்னா இரண்டையும் தடிப்பாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வரும், அதில் க்ரிம்சன் துளி விட்டால் முழு இருட்டு. காய்ந்தபின்னும் அதில் நிறம் உயிரோடு இருக்கும்.

எல்லா இலையும் பச்சை என்று நினைப்பது அடுத்த தடுமாற்றம். மாந்தளிர் செம்பும் ஊதாவும் கலந்தது, அரசந்தளிர் ரோஸ் படிந்தது. சியன்னாவில் க்ரிம்சன் சிறிது, மேலே மிக மெல்லிய லெமன் வாஷ். ஒரு தோட்டப் படத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படிப் பச்சை அல்லாத இலை இருந்தால் மற்ற ஒன்பது பங்கும் பச்சையாகத் தெரியும்.

நீலகிரியில் இன்னொரு சங்கதி. 2,200 மீட்டருக்கு மேல் காற்று தெளிவு, நிழல்கள் சமவெளியைவிட நீலமாக விழும். மஞ்சு இறங்கினால் பத்து நிமிடத்தில் எல்லாம் சாம்பல். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டை எடுங்கள். ஒரே பட்டையில் கலந்தால் குழம்பிவிடும். ஈரக்காற்றில் தாள் காயாது, அடுத்த வண்ணம் ஊறிப் பூக்கோஸ் மாதிரி விளிம்பு கட்டும். கட்டங்களுக்கு இடையே அரை சென்டிமீட்டர் வெள்ளை விடுங்கள்.

உப்பளம்:

போனைத் தள்ளி வைக்கச் சொல்ல மாட்டேன். நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம், வடிவத்துக்கும் ஒளியின் திசைக்கும் நம்புங்கள்.

செம்பருத்தி திட்டாவது ஏனென்றால் போன் முழுக் காட்சிக்கும் சேர்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. சுற்றிலும் கரும்பச்சை இருப்பதால் கூட்டி வைக்கிறது, பூவின் சிவப்பு அளவு மீறி வழிந்து, இதழ் மடிப்புகள் அழிந்துபோகின்றன. பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். படம் இருட்டாகத் தெரிய வேண்டும், மடிப்புகள் அப்போதுதான் மிஞ்சும். ஹெச்டிஆர், அழகூட்டும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை பச்சையை மஞ்சளாக்கி வானத்தை நீலமாக்குவதற்கென்றே இருக்கின்றன.

ஜக்கராண்டா வேறு கதை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே இருக்கும் பூக்களைக் கேமரா சென்சார் நம் கண் பிரிப்பதுபோல் பிரிப்பதில்லை. எந்த போனிலும் அது நீலம் பக்கம் சாயும். அதற்குத் தாளில் குறிப்புதான் ஒரே வழி: அல்ட்ராமரைனில் க்ரிம்சன் சிறிது, நிறையத் தண்ணீர்.

ஒவ்வொரு காட்சியிலும் ஒரு படம், வண்ணத்தட்டு சொன்ன சாம்பல் அட்டையையும் ஒரு வெள்ளைத்தாளையும் பூவுக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள். வீட்டில் அந்தச் சாம்பல் உண்மையான சாம்பலாகும்வரை படத்தைத் திருத்தினால் மற்ற நிறங்களும் ஏறக்குறைய நேர்வரும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தக் காட்சி டோனில், அதாவது வெளுப்பு இருட்டு வேறுபாட்டில் நிற்காது. நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் படம் தட்டையாகும்.

நேரம்: காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 5.30. அந்தி மயங்கியபின் சிவப்புகளைக் குறிக்காதீர்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கும், நீலமும் பச்சையும் தங்கும்.

கரிசல்:

பயணத்தின் இரண்டாம் பாதிக்கு என் பங்கு. கோவில்பட்டியிலிருந்து தேரிக்காடு வரையுள்ள பாதை நிறம் படிக்கிறவர்களுக்குக் கிடைத்த வரம். சில மணி நேரத்தில் கரிசல் மண், செம்மணல், உப்பளம், கடல் என்று தரையின் நிறம் நான்கு விதமாக மாறும்.

வழி நெடுக எல்லாவற்றையும் குறிக்க முயலாதீர்கள். தரையை மட்டும் குறியுங்கள். மண்ணின் நிறம்தான் மற்றதை எல்லாம் தீர்மானிக்கிறது. சுவரில் தெறிப்பதும் அதுவே, மரத்தின் அடிப்பகுதியில் ஏறுவதும் அதுவே, வெள்ளாட்டின் வயிற்றில் தெரிவதும் அதுவே. நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் தரை, வானத்தின் அடிவிளிம்பு, ஒரு மரம், இந்த மூன்றும் ஒரு பட்டையில்.

கரிசல் கறுப்பு அல்ல. காய்ந்த கரிசல் வெளிர்ச்சாம்பல், அதில் லேசான பழுப்பு. அல்ட்ராமரைன், சியன்னா ஏறக்குறையச் சமம், தண்ணீர் தாராளம். உழுத சாலில் ஈரம் இருந்தால் மட்டும் அதையே தடிப்பாக. பேய்ன்ஸ் கிரேயைத் தரையில் போட்டால் தார்ச்சாலை ஆகிவிடும்.

தேரியின் சிவப்பு மணல்துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடால் வருகிறது. உங்கள் லைட் ரெட் டியூபில் இருப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான், பெரும்பாலும் பிஆர் 101 என்று போட்டிருக்கும். ஆகவே கலவை தேடி அலைய வேண்டாம். வெயில்பட்ட மேட்டுக்கு லைட் ரெட், ஆக்கர் சிறிது. நிழல் சரிவுக்கு லைட் ரெட், அல்ட்ராமரைன் சிறிது. காட்மியம் ரெட்டைத் தொடாதீர்கள். மண் மிளகாய்ப்பொடி ஆகிவிடும்.

இங்கேதான் ஓட்டை அட்டை முழு வேலை செய்யும். செம்மணலில் நிற்கும் பனையும் முந்திரியும் கண்ணுக்கு நீலப்பச்சையாகத் துள்ளும். அட்டை வழியே பார்த்தால் பனையோலை சாம்பல் கலந்த ஆலிவ் மட்டுமே. அந்தச் சாம்பல் ஆலிவைத் தைரியமாகப் பூசுங்கள், பக்கத்தில் லைட் ரெட் விழுந்ததும் அது தானாக நீலப்பச்சைக்கு ஏறும்.

கொண்டு போக வேண்டிய டியூப்கள், என் கணக்கில் எட்டு: லெமன், ஆக்கர், சியன்னா, லைட் ரெட், க்ரிம்சன், அல்ட்ராமரைன், தாலோ, செருலியன். மலைக்குப் பேய்ன்ஸ் கிரே வேண்டும் என்று பெரணி சொன்னதால் ஒன்பது. காட்மியம் இரண்டையும் சாப் கிரீனையும் விட்டுவிடுங்கள். டியூப்களாகத் தூக்காமல் ஹாஃப் பேன் எனும் காலியான சிறு வண்ணக் கிண்ணத்தில் பிழிந்து இரண்டு நாள் காயவிட்டு எடுத்துப் போங்கள். தாலோ பேனை லெமனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு துளி சிதறினால் மஞ்சள் போயிற்று.

ஆர்வம் இருந்தால் மண்ணையே வண்ணமாக்கலாம். காப்புக்காட்டுப் பகுதியில் மண் எடுக்கக் கூடாது. பட்டா நிலத்தில் உரியவரைக் கேட்டு ஒரு கைப்பிடி எடுத்தால் போதும். தேரி மணலை அரைத்துப் பயனில்லை, உள்ளே இருப்பது நிறமற்ற குவார்ட்ஸ். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி, அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே கலங்கி நிற்கும் செந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். தெளிந்த நீரை இறுத்துவிட்டு அடியில் படிந்ததைக் காயவைத்தால் அதுதான் நிறமி. கரிசலில் இதைச் செய்ய வேண்டாம். ஈரத்தில் உப்பிக் காயும்போது சுருங்கும் களிமண் அது. வயலில் வெடிப்பதுபோலவே தாளிலும் வெடிக்கும்.

தளிர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று சந்தேகங்கள் பாக்கி. மண் நிறமியை எதில் குழைப்பது? நாட்டு மருந்துக் கடையில் பிசின் என்று கேட்டால் இரண்டு மூன்று வகை காட்டுகிறார்கள். காகிதப்பூ ரோஸுக்கு ஓப்ரா ரோஸ் வாங்கலாமா? வீட்டில் இரவில் விளக்கடியில்தான் வரைய நேரம் கிடைக்கிறது, பட்டையின் நிறம் அங்கே மாறித் தெரியாதா?

கரிசல்:

கருவேலம் பிசின் கேளுங்கள். பாதாம் பிசின் வேண்டாம். அது கரையாது, ஊறி ஜெல்லியாக நிற்கும். தூளாக்கிய பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு, ஓர் இரவு ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நான்கு ஸ்பூன் பிசின் நீருக்கு ஒரு ஸ்பூன் தேன், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு. நிறமியும் பிசின் நீரும் சமமாக எடுத்து, கண்ணாடித் துண்டின் மேல் கத்தி முனையால் கரகரப்பு போகும்வரை குழையுங்கள். தாளில் பூசிக் காய்ந்தபின் விரலால் தேயுங்கள். தூள் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து விரிந்தால் பிசின் அதிகம், நிறமியைச் சேருங்கள்.

வண்ணத்தட்டு:

காகிதப்பூவில் நாம் பூ என்று பார்ப்பது பூவைச் சூழ்ந்த நிறமேறிய இலைகள். உண்மையான பூ நடுவில் இருக்கும் சிறிய வெளிர்க்குழல். அந்த இலைகள் தாள்போல் மெல்லியவை என்பதால் வெயில் துளைத்து வரும். நிறமும் ஒளியும் ஒன்றாகச் சேர்ந்த தோற்றம் அதனால்தான்.

ஆகவே நிறத்தை அடர்த்தியாக்கினால் ஒளி போய்விடும். தாளின் வெள்ளைதான் இங்கே வெயில். க்வினாக்ரிடோன் ரோஸ் ஒன்று வாங்குங்கள், பிவி 19. உங்கள் க்ரிம்சனைவிட அது தெளிவு. நடுத்தர அடர்த்தியில் ஒரே வாஷ், காயும்வரை தூரிகை படக் கூடாது. இரண்டாம் வாஷ் ஒன்றின் மேல் ஒன்று கவிந்த இடங்களில் மட்டும். பிறகு சுற்றிலும் அடங்கிய சாம்பல்பச்சையும், ஒரு பக்கம் நல்ல இருட்டும் வையுங்கள். மூன்று பக்கமும் பளிச்சென்ற பச்சை வைத்தால் எந்த ரோஸும் எடுபடாது.

ஓப்ரா ரோஸ் வாங்க வேண்டாம். பொதுவாக அதில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். அந்த ஒளிர்வு வெளிச்சத்தில் போய்விடும்.

பெரணி:

வண்ணத்தட்டு சொல்வது சுவரில் மாட்டும் படத்துக்குச் சரி. மூடி வைக்கும் நோட்டுக்கும், ஸ்கேன் செய்து அச்சுக்குப் போகும் வேலைக்கும் ஓப்ராவில் தப்பில்லை. மஞ்சளோடு கலந்தால் வரும் பவழ நிறம் வேறு எதிலும் இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் விற்பதற்கான படத்தில் கூடாது, அதில் நானும் உடன்படுகிறேன்.

எந்த டியூப் மீதும் சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். பட்டையில் அடர்த்தியும் மெலிவுமாகப் பூசி, நெடுக்காகப் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடித் தெற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி மூன்று மாதம் விடுங்கள். மெலிவான பக்கம்தான் முதலில் போகும். பழைய அலிசரின் க்ரிம்சன், பிஆர் 83, இதில் தேறாது. உங்கள் க்ரிம்சன் டியூபின் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

உப்பளம்:

விளக்கு விஷயம்: மாறித்தான் தெரியும். மஞ்சள் எல்இடியில் நீலங்கள் மங்கும், ஆக்கரும் லெமனும் ஒன்றாகும். 5000 கெல்வின் (பகல் வெள்ளை), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் பல்பை வாங்கி, பட்டைக்கும் படத்துக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு விழுமாறு வையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்த இடத்தில் உட்காராதீர்கள்.

பட்டையிலிருந்து படத்துக்குப் போகும்போது ஒரு படி பலரும் விட்டுவிடுகிறார்கள். பட்டையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு, படத்தில் அப்படி இல்லை. 10 செ.மீ. நீளத்தில் ஒரு புதுப் பட்டை எடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் படத்தில் எவ்வளவு இடமோ அவ்வளவு அகலம் கொடுத்துப் பூசிப் பாருங்கள். தேரிக்காட்டுக் காட்சி என்றால் செம்மண்ணுக்கு 5 செ.மீ., வெளிர்வானத்துக்கு 3, நிழல் சிவப்புக்கு ஒன்றரை, பனைக்கு அரை. பனையை இரண்டு செ.மீ. ஆக்கிப் பார்த்தால் அதே நிறங்கள் வேறு ஊராகத் தெரியும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், முழுத்தாள் ஒன்று மிச்சமாகும்.

கிளம்பும் முன் வீட்டுத் தொட்டிச் செடி ஒன்றில் இரண்டு பட்டை எடுத்துப் பழகிவிடுங்கள். ஊட்டியில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் அட்டையை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.